மீதி ஏழு பேர்

லூக்கா நற்செய்தியின் 19-ஆம் அதிகாரத்தில் ஒரு கணக்கு உதைக்கிறது. உயர்குடிப் பிறந்த ஒருவர் தூரதேசத்துக்குக் கிளம்புகிறார். கிளம்பும்முன் தன்னிடம் வேலை பார்க்கும் பத்துப் பேரைக் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு மினா கொடுத்து, நான் வரும்வரை இதை வைத்து வியாபாரம் பண்ணுங்கள் என்கிறார். ஒரு மினா என்பது ஏறத்தாழ நூறு நாள் கூலி. திரும்பி வந்ததும் கணக்குக் கேட்கிறார். முதலாமவன் ஒன்றைப் பத்தாக்கியிருக்கிறான். அடுத்தவன் ஐந்தாக்கியிருக்கிறான். இன்னொருவன் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்ததை அப்படியே நீட்டி நன்றாக வாங்கிக்கட்டிக்கொள்கிறான். அதோடு கணக்கு முடிந்துவிடுகிறது.

பத்துப் பேர் வாங்கினார்கள். மூன்று பேர் கணக்குக் கொடுத்தார்கள். மீதி ஏழு பேர் என்ன ஆனார்கள்?

உவமைக்கு மூன்று பேர் போதும், பத்துப் பேரையும் வரிசையாகச் சொன்னால் பிரசங்கம் நீண்டுவிடும் என்று ஒரு ஃபாதர் எனக்கு விளக்கினார். நியாயம்தான். ஆனால் எனக்குச் சொந்த ஊர் தர்மபுரி மாவட்டம் கடத்தூர். அந்த ஏழு பேரை எனக்கு நேரிலேயே தெரியும். ஒருத்தர் கொடிக்காலைக் காப்பாற்ற ஆயிரம் அடிக்கு போர் போட்டுப் புழுதியை மட்டும் பார்த்தவர். ஒருத்தர் சீட்டுப் பிடித்து, எடுத்தவர்கள் கட்டாமல் போனதால் ராத்திரியோடு ராத்திரியாக ஊரைக் காலி செய்தவர். இன்னொருத்தர் கறிக்கோழிப் பண்ணை போட்டவர். இவர்கள் யாரும் பணத்தைத் துணியில் முடிந்து வைக்கவில்லை. எஜமான் சொன்னதைத்தான் செய்தார்கள், வியாபாரம் பண்ணினார்கள். போய்விட்டது.

மத்தேயு 25-இல் வருகிற தாலந்து உவமையிலும் இதே கதைதான். ஐந்து வாங்கியவன் பத்தாக்குகிறான், இரண்டு வாங்கியவன் நான்காக்குகிறான். வியாபாரத்தில் இறங்கிய எல்லோருக்கும் துல்லியமாக இரட்டிப்பு லாபம். இதைக் கடத்தூர் வெற்றிலைச் சந்தையில் போய்ச் சொல்லிப் பாருங்கள், கமிஷன்காரர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

எனக்கு இயேசுவோடு சண்டை இல்லை. அவர் வணிக நிர்வாகம் சொல்லிக்கொடுக்க வரவில்லை. என் சண்டை இந்த உவமையை எடுத்து வணிக நிர்வாகம் சொல்லிக்கொடுப்பவர்களோடு. கிறிஸ்தவப் பார்வையில் தொழில்முனைவு என்ற தலைப்பில் நடக்கும் கூட்டங்களில் நான் நாலைந்துக்குப் போயிருக்கிறேன், பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைக் கிறிஸ்தவர்களுக்கு இப்படிப்பட்ட அழைப்புகள் நிறைய வரும். ஒவ்வொன்றிலும் தாலந்து வந்துவிடும். கடவுள் உனக்குக் கொடுத்த திறமையைப் புதைத்துவைக்காதே, பெருக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தாலந்து என்பது திறமையே இல்லை, பணம். ஒரு தாலந்து ஆறாயிரம் தெனாரியம். ஒரு கூலிக்காரன் இருபது வருஷம் வேலை செய்தால் கிடைக்கும் தொகை. ஆங்கிலத்தில் 'டேலண்ட்' என்ற சொல்லுக்குத் திறமை என்ற அர்த்தம் வந்ததே இந்த உவமையைப் பற்றிய பிரசங்கங்களால்தான். மூலதனத்தைக் குறித்த ஒரு சொல்லைப் பிரசங்கிகள் சேர்ந்து தனிமனித குணமாக மாற்றிவிட்டார்கள். அந்த மாற்றத்தில் இரண்டு கேள்விகள் காணாமல் போயின. பணம் எங்கிருந்து வந்தது? போனால் யாருடையது போகும்?

கிறிஸ்தவ நிறுவனங்கள் நடத்தும் வணிக மேற்படிப்பு இந்த இரண்டு கேள்விகளையும் கேட்க மறந்துவிட்டது என்பதுதான் என் குற்றச்சாட்டு. மற்ற வணிகப் பள்ளிகளும் கேட்பதில்லைதான். ஆனால் அவை சிலுவையை வாசலில் வைத்துக்கொள்வதில்லை.

*

கடத்தூர் ஒரு சின்னப் பேரூராட்சி. வெற்றிலை, மரவள்ளி, தென்னை. தண்ணீர் இருந்தால் எல்லாம் உண்டு. வெற்றிலை ஒரு விசித்திரமான பயிர்; முகூர்த்த மாதத்தில் விலை ஏறும், ஆடியில் படுக்கும், வாடல் நோய் வந்தால் கொடிக்கால் மொத்தமும் போகும். கிள்ளிய இலை காத்திருக்காது, அன்றைக்கு என்ன விலையோ அதற்குக் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான். இடர்மேலாண்மை என்று வணிகப் பள்ளியில் ஒரு பருவம் முழுக்க நடத்துவதை இங்கே ஒரு விவசாயி ஒரே வருஷத்தில் கற்றுக்கொள்கிறார், அவருடைய செலவில்.

என்னோடு பொறியியல் முடித்த இரண்டு பேர் ஒரே வருஷம் தொழில் தொடங்கினார்கள். இரண்டு பேருமே ஃப்ளெக்ஸ் அச்சடிக்கிற மெஷின். இரண்டு பேருமே கடன். இரண்டு பேருமே நொடித்துப்போனார்கள், போட்டி அப்படி. ஒருத்தன் நிலம் உள்ள சாதி. அவன் மாமா ஒருத்தர் மெஷினை எடுத்துக்கொண்டார், இன்னொரு மாமா செங்கல் சூளையில் பங்கு கொடுத்தார், பெண் வீட்டார் வங்கிக் கடனை அடைத்தார்கள். இன்று அவன் ஊரில் தொழிலதிபர், அழைப்பிதழில் பேர் வருகிறது. இன்னொருத்தன் தலித் கிறிஸ்தவன், பொம்மிடிப் பக்கம் பி.பள்ளிப்பட்டி லூர்து மாதா கோவில் திருவிழாவுக்கு என்னோடு வருகிறவன். அவனுக்கும் மாமாக்கள் உண்டு. அவர்களிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. ஓசூரில் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளியாக நின்று எட்டு வருஷம் வட்டி கட்டினான். இதில் யாருக்குத் திறமை அதிகம் என்று கேட்டால், மெஷின் கெட்டுப்போனால் அந்த முதல் ஆள் போன் பண்ணுவது இவனுக்குத்தான்.

தொழில்முனைவு என்பது விழாமல் இருக்கிற சாமர்த்தியம் என்று நினைக்கிறோம். விழுந்தவனைப் பிடிக்க ஆள் இருக்கிறதா என்பதுதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. தமிழ்நாட்டில் அந்த ஆள் பெரும்பாலும் சாதி. இதை நான் வசையாக மட்டும் சொல்லவில்லை. நாடார்களின் மகமையைப் பாருங்கள். வியாபாரத்தில் இவ்வளவுக்கு இவ்வளவு என்று பொதுநிதிக்கு எடுத்துவைத்தார்கள். அதிலிருந்து உறவின்முறை, பேட்டை, பள்ளிக்கூடம். 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி. அதுதான் 1962-இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறியது. கோவிலுக்குள் விடாத சமூகத்துக்கு நடுவில் ஒடுக்கப்பட்ட ஒரு கூட்டம் தானே கட்டிக்கொண்ட வலை அது. அபாரமான வேலை. ஆனால் அதன் எல்லை ரத்தம். அந்தக் கயிற்றைப் பிடிக்க அந்தச் சாதியில் பிறந்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் கிறிஸ்தவத்துக்குச் சொல்ல ஏதாவது இருக்க வேண்டும், இல்லையா? ரத்தமில்லாத உறவு என்பதுதானே அதன் மொத்த உரிமைகோரலும். ஞாயிறுதோறும் சகோதர சகோதரிகளே என்று கூப்பிடுவதற்குப் பொருளாதாரத்தில் ஒரு அர்த்தம் உண்டு என்றால் அது இதுதான்: உன் மாமா இல்லாதவன் உன் மேல் விழுவான், நீ பிடிப்பாய். ஒரு கிறிஸ்தவ வணிகப் பள்ளி ஆராய்ச்சி செய்ய வேண்டிய விஷயம், பாடம் நடத்த வேண்டிய விஷயம் இது ஒன்றுதான். நடப்பது வேறு.

*

இந்தியாவின் மிகப் பெயர்பெற்ற கிறிஸ்தவ வணிகப் பள்ளி ஜாம்ஷெட்பூரில் இருக்கிறது. எக்ஸ்.எல்.ஆர்.ஐ. 1949-இல் குயின் என்ரைட் என்ற இயேசு சபைப் பாதிரியார் தொடங்கினார். அந்த எழுத்துகளின் விரிவு பலருக்கு மறந்துபோயிருக்கும்: சேவியர் லேபர் ரிலேஷன்ஸ் இன்ஸ்டிட்யூட். சேவியர் தொழிலாளர் உறவு நிறுவனம். ஒரு எஃகு நகரத்தில், சுதந்திரம் கிடைத்த இரண்டாம் வருஷத்தில், ஒரு சாமியார் தன் கல்லூரிப் பெயரில் தொழிலாளரை வைக்கிறார். 1891-இல் பதின்மூன்றாம் லியோ திருத்தந்தை எழுதிய 'ரேரும் நோவாரும்' சுற்றுமடல் போட்ட பாதை அது. ஆலைத் தொழிலாளிக்கு நியாயமான கூலி வேண்டும், சங்கம் சேரும் உரிமை வேண்டும் என்று சொன்ன மடல். சோஷலிசத்தை அது சாடியது, அது தனிக்கதை. ஆனாலும் கேள்வி சரியான இடத்தில் இருந்தது.

இன்று அதே நிறுவனம் தன்னை எக்ஸ்.எல்.ஆர்.ஐ. - சேவியர் ஸ்கூல் ஆஃப் மேனேஜ்மெண்ட் என்று அழைத்துக்கொள்கிறது. எழுத்துகள் இருக்கின்றன, விரிவு போய்விட்டது. இரண்டு வருஷப் படிப்புக்குக் கட்டணம் 25 லட்சம் ரூபாயைத் தாண்டிவிட்டது. அறநெறிப் பாடம் கட்டாயம் என்பார்கள், உண்மைதான். நுழைவுத் தேர்விலேயே முடிவெடுத்தல் என்று தனிப் பகுதி வைத்து, இக்கட்டான சூழலில் நீ என்ன செய்வாய் என்று கேட்கிறார்கள். நான் அந்த வினாத்தாள்களை ஆர்வமாகப் போட்டுப் பார்த்திருக்கிறேன், நன்றாகவே இருக்கும். ஆனால் கடன் வாங்கி 25 லட்சம் கட்டிய 24 வயதுப் பிள்ளைக்கு உண்மையான இக்கட்டு அந்த வினாத்தாளில் இல்லை. மாதத் தவணையில் இருக்கிறது. அவனால் ஆலோசனை நிறுவனத்துக்கும் வங்கிக்கும்தான் போக முடியும். தொழில் தொடங்கு என்று அவனுக்கு வகுப்பெடுப்பது, காலைக் கட்டிவிட்டு ஓட்டப்பந்தயம் வைக்கிற மாதிரி.

சென்னையில் லயோலா வளாகத்திலுள்ள லிபா 1979-இல் தொடங்கியது. இவை தவிர பல்வேறு திருச்சபைகளின் கல்லூரிகள் நடத்தும் எம்.பி.ஏ. வகுப்புகள் மாநிலம் முழுக்க உண்டு. எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. தரமும் கட்டணமும் வேறு வேறு. ஆனால் 'கிறிஸ்தவப் பார்வை' என்று இந்த உலகத்தில் எதைச் சொல்கிறார்கள் என்று பார்த்தால் எங்கும் ஒரே பட்டியல்தான் வருகிறது. நேர்மை, பணிவிடைத் தலைமை, லஞ்சம் கொடுக்காமை, சுற்றுச்சூழல். எல்லாமே ஒரு தனி மேலாளரின் நற்குணங்கள். 2012-இல் வத்திக்கானின் நீதி அமைதி அவை வெளியிட்ட கையேட்டின் தலைப்பே தொழில் தலைவரின் அழைத்தல் என்பதுதான். தலைவருக்கு அழைத்தல் இருக்கிறது, சந்தோஷம். நொடித்துப்போனவருக்கு என்ன இருக்கிறது?

*

ஜாம்ஷெட்பூரிலிருந்து ராஞ்சி ஏறக்குறைய 130 கிலோமீட்டர். அங்கே 1909-இல் இன்னொரு இயேசு சபைப் பாதிரியார் வேறுவிதமான ஒரு வணிகப் பள்ளியைத் தொடங்கினார் என்று சொல்லலாம், கட்டடமும் பட்டமும் இல்லாதது. ஜெர்மன்காரரான அவர் பெயர் ஹோஃப்மன். முண்டா மொழிக்குக் கலைக்களஞ்சியம் தொகுத்தவர். முண்டாக்கள் கந்துவட்டிக்காரரிடமும் ஜமீன்தாரிடமும் நிலத்தை இழந்துகொண்டிருந்தார்கள். பிர்சா முண்டாவின் கிளர்ச்சி அடக்கப்பட்டு அப்போது பத்து வருஷம்கூட ஆகவில்லை. ஹோஃப்மன் முதலில் சட்டத்துக்குப் போனார். 1908-இன் சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டத்தை உருவாக்குவதில் அவருக்குப் பங்குண்டு. பழங்குடி நிலம் வெளியாளுக்குக் கைமாறுவதைத் தடுத்த சட்டம். அடுத்த வருஷம் சோட்டாநாக்பூர் கத்தோலிக்கக் கூட்டுறவுக் கடன் சங்கம். உறுப்பினர்களின் சேமிப்பு, உறுப்பினர்களுக்கே கடன்.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் விழுந்தாலும் நிலம் போகாது என்று உறுதி செய்தார், பிறகு கடன் கொடுத்தார். பணிவிடைத் தலைமை பற்றி அவர் வகுப்பெடுத்தாரா தெரியவில்லை, நேரம் இருந்திருக்காது. முதல் உலகப்போர் வந்ததும் ஜெர்மன்காரர் என்பதால் அவரை நாட்டை விட்டு அனுப்பிவிட்டார்கள். சங்கம் நின்றது.

இதில் ஒரு குறை உண்டு, பெயரிலேயே இருக்கிறது: கத்தோலிக்க. ரத்தத்துக்குப் பதில் ஞானஸ்நானத்தை வேலியாக வைத்தது அது. இன்று ஒருவர் செய்தால் அந்த வேலியைக் கழற்றிவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

ஹோஃப்மன் இதைச் சொந்தமாகக் கண்டுபிடிக்கவில்லை. ஜெர்மனியில் ராஃபைசன் என்ற கிராமத் தலைவர், பக்தியுள்ள புராட்டஸ்டண்ட், 1840-களின் பஞ்சத்தில் பணக்காரர்களிடம் நன்கொடை வாங்கி ஏழைகளுக்கு உதவிப் பார்த்தார். நன்கொடை வற்றியது. பிறகுதான் ஏழைகளே உறுப்பினராக, ஒரு பங்குக் கோவில் எல்லைக்குள், ஒருவருக்கொருவர் முழுப் பொறுப்பு ஏற்கும் கடன் சங்கங்களைத் தொடங்கினார். இந்த மாதிரியைத் தேடி ஐரோப்பாவுக்குப் போய்ப் படித்து அறிக்கை எழுதியவர் நம் சென்னை மாகாண அதிகாரி ஃபிரடெரிக் நிக்கல்சன், 1890-களில். அதன் தொடர்ச்சியாக 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதாவது நம் ஊர்த் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு சங்கத்துக்கு, நகைக்கடன் தள்ளுபடி வரும்போது மட்டும் நாம் நினைத்துக்கொள்ளும் அந்தக் கட்டடத்துக்கு, ஒரு கிறிஸ்தவப் பூர்வீகம் உண்டு. அது எந்தக் கிறிஸ்தவ எம்.பி.ஏ. வகுப்பிலும் பெருமையாகப் பேசப்பட்டு நான் கேட்டதில்லை. ஸ்டார்ட்அப் என்றால் உட்கார்ந்து கேட்பார்கள், கூட்டுறவு என்றால் கொட்டாவி.

கூட்டுறவு என்றாலே புனிதம் என்று சொல்லவரவில்லை. சேலத்தில் 1981-இல் தொடங்கிய சேகோசர்வ் ஒரு கூட்டுறவுதான். ஆனால் அதன் உறுப்பினர்கள் ஜவ்வரிசி ஆலை முதலாளிகள். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் மரவள்ளி போடுகிறவர் அதில் உறுப்பினர் கிடையாது. விலை விழுந்தால் முதலில் அவர்தான் விழுவார். யார் உள்ளே, யார் வெளியே என்று கேட்காத கூட்டுறவு இன்னொரு மாமா வீடுதான்.

வணிகப் பள்ளி முதலில், தொழில் பிறகு என்ற வரிசையில் நடந்த ஒரு பெரிய கிறிஸ்தவ உதாரணம் ஸ்பெயினின் பாஸ்க் நாட்டில் இருக்கிறது. மொந்த்ராகோன் என்ற சிறு நகரத்துக்கு 1941-இல் அரிஸ்மெந்தியாரியெத்தா என்ற இளம் பாதிரியார் வந்தார். உள்நாட்டுப் போரில் தோற்ற பக்கம். 1943-இல் தொழிற்பள்ளி தொடங்கினார். பதின்மூன்று வருஷம் பாடம், பேச்சு, படிப்பு வட்டம். 1956-இல் அவருடைய மாணவர்கள் ஐந்து பேர் உல்கோர் என்ற தொழிலாளர் கூட்டுறவைத் தொடங்கினார்கள். 1959-இல் சொந்த வங்கி. இன்று அது பல்லாயிரம் பேர் வேலை செய்யும் கூட்டமைப்பு. எல்லோரும் இந்த வெற்றிக் கதையைத்தான் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது தோல்விக் கதை. அந்த முதல் நிறுவனத்தின் வாரிசான ஃபாகோர் வீட்டு உபயோகப் பொருள் கம்பெனி 2013-இல் திவாலானது. மற்றக் கூட்டுறவுகள் பணம் கொடுத்துப் பார்த்தன, ஒரு கட்டத்தில் போதும் என்று நிறுத்தின. ஆனால் உறுப்பினர்களாக இருந்த தொழிலாளர்களில் பெரும்பாலோருக்கு மற்றக் கூட்டுறவுகளில் வேலை கிடைத்தது, வயதானவர்கள் முன்கூட்டியே ஓய்வுக்குப் போனார்கள். கம்பெனி செத்தது, ஆட்கள் சாகவில்லை. லூக்கா எழுதாமல் விட்ட ஏழு பேருக்கு யாரோ ஒருவர் வழி யோசித்துவைத்திருந்தார்.

போலந்திலும் பிரான்சிலும் அதே கம்பெனியின் கிளைகளில் வேலை செய்தவர்கள் உறுப்பினர்கள் இல்லை. அவர்களுக்கு இந்த வழி இல்லை. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

*

ஸ்பெயின் எல்லாம் நமக்கு எதுக்குப்பா என்பீர்கள். சரி, தர்மபுரிக்கே வருவோம். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு தொடங்கியது எங்கள் மாவட்டத்தில்தான், 1989-இல், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. பெண்கள் மாதாமாதம் கொஞ்சம் சேமித்து, தங்களுக்குள் கடன் கொடுத்து, யாருக்காவது சாவு, காய்ச்சல் என்றால் தவணையைத் தள்ளிவைத்துக்கொண்டார்கள். என் அம்மா தலைமுறை அதில் கையெழுத்துப் போடக் கற்றது. ராஃபைசன் பார்த்திருந்தால் அடையாளம் கண்டிருப்பார்.

பிறகு நுண்கடன் கம்பெனிகள் வந்தன. பார்க்க அதே குழுதான், அதே பாய், அதே நோட்டு. ஆனால் கயிறு தலைகீழாகிவிட்டது. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். கட்டும்வரை யாரும் எழுந்து போகக்கூடாது. முன்பு குழு விழுந்தவளைத் தாங்கியது. இப்போது விழுந்தவள் மேல் குழுவை ஏவிவிட்டுக் கடன் கொடுத்தவர் தாங்கப்படுகிறார். வசூல் கொடுமை எந்த அளவுக்குப் போனது என்றால், அதைத் தடுக்க 2025-இல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டமே கொண்டுவந்தது. இந்த மாற்றம், அதாவது பரஸ்பர உதவி என்ற வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே இருந்த பொருளைத் திருப்பிப்போட்டது, முப்பது வருஷத்தில் எப்படி நடந்தது என்பது ஒரு கிறிஸ்தவ வணிகப் பள்ளிக்குக் கிடைக்கக்கூடிய தங்கமான ஆய்வுப்பொருள்.

என் துறையிலிருந்து ஒன்று சொல்கிறேன். மென்பொருளில் எந்த சர்வரும் ஒருநாள் விழும் என்று வைத்துக்கொண்டுதான் அமைப்பையே கட்டுகிறோம். விழுந்தால் யார் சுமையை எடுத்துக்கொள்வது என்று முன்பே எழுதிவைத்திருப்போம். விழுந்த பிறகு நடக்கும் கூட்டத்தில் யார் மேலும் பழி போடுவதில்லை, குறைந்தபட்சம் நல்ல கம்பெனிகளில். ஸ்டார்ட்அப் உலகத்திலும் சீக்கிரம் தோற்றுக் கற்றுக்கொள் என்கிறார்கள். பெங்களூரில் இதைச் சொல்பவர் பிரைவேட் லிமிடெட் வைத்திருக்கிறார். கம்பெனி போனால் முதலீட்டாளர் பணம் போகும், அவர் குடியிருக்கும் வீடு போகாது. வரையறுக்கப்பட்ட பொறுப்பு என்ற அந்தச் சட்ட ஏற்பாடு, பணக்காரர் விழும்போது சமூகம் பிடித்துக்கொள்ளும் வலை, வேறென்ன? கடத்தூரில் கடை வைப்பவர் தனியுரிமையாளர். கடை போனால் வீடு, தாலிக்கொடி, மச்சான் கையெழுத்துப் போட்ட ஜாமீன், எல்லாம் சேர்ந்து போகும்.

அவருக்குச் சட்டம் வைத்திருக்கும் வழியின் பெயர் ஐ.பி. கொடுப்பது. மஞ்சள் நோட்டீஸ். ஊரில் அது வசைச்சொல், அதைச் சொல்லிப் பெண்ணெடுக்கக்கூட மறுப்பார்கள். 2016-இல் புதிய திவால் சட்டம் வந்ததே என்று கேட்கலாம். கம்பெனிகளுக்கு வந்தது. தனிநபர்களுக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும்தான் 2019-இல் அமலுக்கு வந்தது. கடத்தூர்க் கடைக்காரருக்கு இன்னும் 1920-இன் மாகாண நொடிப்புச் சட்டம்தான். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். தொழில் தொடங்க ஆயிரம் திட்டம், ஆயிரம் மேடை. தொழிலைக் கௌரவமாக மூட ஒரு வழி கிடையாது.

விவிலியத்தில் இதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டால், கொட்டிக் கிடக்கிறது. ஏழாம் ஆண்டில் கடனை விட்டுவிடு என்கிறது இணைச்சட்டம். ஐம்பதாம் ஆண்டில் விற்ற நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்பட்டும் என்கிறது லேவியர். நெகேமியா ஐந்தாம் அதிகாரம் கிட்டத்தட்ட ஒரு தர்மபுரிச் செய்தி: வயலையும் திராட்சைத் தோட்டத்தையும் அடகு வைத்துவிட்டோம், பிள்ளைகளை வேலைக்கு விட்டுவிட்டோம் என்று ஜனங்கள் கூக்குரலிட, அவர் பெரிய மனிதர்களைக் கூட்டி வட்டியையும் நிலத்தையும் திருப்பிக் கொடுக்க வைக்கிறார். இயேசு கற்றுக்கொடுத்த செபத்தில், மத்தேயுவின் கிரேக்கத்தில், மன்னிக்கக் கேட்பது கடனை. சி.எஸ்.ஐ. நண்பர்கள் இன்னும் கடன் என்றே செபிக்கிறார்கள். கத்தோலிக்கர்களாகிய நாங்கள் பாவம் என்று மாற்றிக்கொண்டோம். பாவத்தை மன்னிப்பதற்குச் செலவு குறைவு என்பதாலோ என்னவோ. இவ்வளவும் கையில் இருக்க, வகுப்பறைக்குப் போவது தாலந்து மட்டும்.

*

தலித் கிறிஸ்தவருக்கு இந்தக் கதை இன்னும் மோசம். 1950 ஆகஸ்ட் 10-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவரானவர் பட்டியல் சாதி இல்லை. அதனால் 2016-இன் ஸ்டாண்ட்-அப் இந்தியா கடனில் அவருக்குப் பட்டியல் சாதி இடம் இருக்கவில்லை. தமிழ்நாட்டின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்திலும் கிடையாது. சாதி மட்டும் அப்படியே இருக்கிறது, வங்கி மேலாளருக்கும் தெரியும், பங்கு மக்களுக்கும் தெரியும். திருச்சபைகள் ஒவ்வொரு ஆகஸ்ட் 10-ஐயும் கறுப்பு நாளாக அனுசரிக்கின்றன. செய்ய வேண்டியதுதான். ஆனால் அரசிடம் கேட்கிற அதே கை, தன் பையைத் தொட்டுப் பார்த்ததா? நிலம் இருக்கிறது, கல்லூரிகள் இருக்கின்றன, லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் மேலாண்மை நிறுவனங்கள் இருக்கின்றன. மகமை போல, வாங்கும் கட்டணத்தில் நூற்றுக்கு இவ்வளவு என்று எடுத்து, தொழில் செய்து நொடித்தவர் எழுந்து நிற்க ஒரு நிதி ஏன் இல்லை? மதம் பார்க்காமல், சாதி பார்க்காமல்?

சொன்னவுடன் இரண்டு எதிர்ப்பு வரும். ஒன்று, இப்படிப் பிடித்தால் எல்லோரும் வேண்டுமென்றே விழுவார்கள். இதை நான் வரையறுக்கப்பட்ட பொறுப்பை அனுபவிக்கிறவர்கள் வாயிலிருந்தே கேட்டிருக்கிறேன், அதனால் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எட்டு வருஷம் ஓசூரில் நின்று வட்டி கட்டியவன் வேண்டுமென்றே விழுந்தவன் இல்லை.

இரண்டாவதுதான் கனமானது. நிதியை யார் பங்கிடுவது? பங்குப் பேரவை என்றால், எந்தச் சாதி பேரவையில் பெரிதோ அந்தச் சாதி எடுத்துக்கொள்ளும். கல்லறையிலேயே சுவர் வைத்த திருச்சபை இது. உண்மை. மொந்த்ராகோனில் இல்லாத சிக்கல், ராஃபைசனுக்கும் இல்லாத சிக்கல். அண்டை வீட்டுக்காரரின் பழக்கத்தை நம்பி அவர்கள் சங்கம் கட்டினார்கள். நமக்கு அண்டை வீடே சாதிப்படிதான் அமைந்திருக்கிறது. இதற்கு என்னிடம் ஆயத்தமான பதில் இல்லை. ஆனால் இப்படி ஒரு நிதியை எப்படி வடிவமைப்பது, யாருக்கு வாக்கு, யார் தணிக்கை, பெயர் மறைத்து விண்ணப்பம் வாங்கலாமா என்று யோசிப்பதற்குத்தானே அத்தனை பேராசிரியர்களும் அத்தனை கெட்டிக்கார மாணவர்களும்? ஷாம்பு பாக்கெட்டைக் கிராமத்துக்குக் கொண்டுபோகும் வழியை இரண்டு வருஷம் உட்கார்ந்து யோசித்தவர்களால் இதை யோசிக்க முடியாதா?

2025-இல் புதிய திருத்தந்தை லியோ என்ற பெயரைத் தேர்ந்துகொண்டபோது, 'ரேரும் நோவாரும்' எழுதிய லியோவை நினைத்துத்தான் என்றும், இன்றைய செயற்கை நுண்ணறிவு அன்றைய தொழிற்புரட்சி போன்றது என்றும் சொன்னார். அதே வேலையில் இருப்பவன் என்பதால் எனக்கு அது உறைத்தது. எங்கள் அலுவலகங்களில் ஆட்கள் குறைகிறார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து பொறியியல் படித்துப் போனவர்களில் சிலர் நாளை திரும்பிவந்து கையிலிருக்கும் சேமிப்பில் ஏதாவது தொழில் போடுவார்கள். நிறையப் பேர் விழுவார்கள். இது கணிப்புகூட இல்லை, சாதாரணக் கணக்கு.

எனவே கிறிஸ்தவ வணிகப் பள்ளிகளுக்கு ஒரு சின்ன யோசனை, செலவில்லாதது. முதல் பருவத்தில் மாணவர்களை ஒரு மாதம் கடத்தூர் மாதிரி ஒரு ஊருக்கு அனுப்புங்கள். வெற்றி பெற்றவரைப் பேட்டி எடுக்க வேண்டாம், அவரைப் பத்திரிகைக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். கடை மூடியவர் ஒருவரைத் தேடிப்பிடித்து, அவர் சம்மதித்தால், பழைய நோட்டையெல்லாம் எடுத்துவைத்து உட்காரச் சொல்லுங்கள். யாரிடம் எவ்வளவு வாங்கினார், என்ன வட்டி, எது எந்தத் தேதியில் அடகுக்குப் போனது, கேட்க யார் வந்தார்கள், கை கொடுக்க யார் வந்தார்கள், யார் வரவில்லை. எல்லாவற்றையும் எழுதி அவரிடமே படித்துக்காட்டட்டும். மதிப்பெண்ணையும் அவரே போடட்டும்.